பினாங்கு, லங்காவி, புக்கெட்: கப்பல் டூர் எடுப்பதா, நாமே இறங்கிப் போவதா?

ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவுக் கப்பலில் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். பினாங்கில் ஒரு நாள், புக்கெட்டில் ஒரு நாள் கப்பல் நிற்கும். கூட வருபவர்கள் 68 வயது அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா, மனைவி, ஏழு வயது மகள். கப்பலில் விற்கும் டூரை ஐந்து பேருக்கும் எடுத்தால் கட்டுப்படியாகவில்லை, நாமே இறங்கிச் சுற்றினால் கப்பலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பினாங்கில் கப்பல் டூர் வேண்டவே வேண்டாம். புக்கெட்டில் எங்கே போக ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். லங்காவி உங்கள் பயணத்தில் இல்லை, ஆனாலும் இதே வழியில் போகும் பல கப்பல்கள் அங்கே நிற்பதால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மலாக்கா நீரிணை வழியாகப் போகும் இந்தக் கப்பல்களில் நான் ஆறு முறை போயிருக்கிறேன். முதல் முறை எல்லா ஊரிலும் கப்பல் டூரே எடுத்தேன். ஓர் ஊரில் நாற்பது பேரோடு பேருந்தில் ஏற்றி, கோயிலில் இருபது நிமிடம், ரத்தினக் கடையில் ஐம்பது நிமிடம் நிறுத்தினார்கள். கடையில் பின்கதவு வழியாகத்தான் வெளியே வர முடிந்தது. அன்று மாலை கப்பலுக்குத் திரும்பும்போது அந்த ஊரில் எதையும் பார்த்த நிறைவு இல்லை. அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: நாம் போகும் இடத்திலிருந்து கப்பலுக்குத் திரும்ப எத்தனை வழி இருக்கிறது? மூன்று நான்கு வழி இருந்தால் நாமே போகலாம். ஒரே வழிதான், அதுவும் கடல் வழி என்றால் கப்பல் டூருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. கப்பலே விற்ற டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த ஊருக்குத் தங்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நாமே போய்த் தாமதமானால் காத்திருக்காது. டூர் விலையில் நாம் உண்மையில் வாங்குவது இந்தக் காப்பீட்டைத்தான்.

இப்போது பினாங்கு. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்திலேயே இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் டாக்சி, டூர் என்று கூப்பிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக நடந்தால் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு வந்துவிடும். அறுபது அடி உயரம். அரசியின் ஆட்சிக்கு 60 ஆண்டு நிறைந்ததன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் கட்டியது. சற்றே சாய்ந்திருக்கும், இரண்டாம் உலகப்போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளின் வேலை அது. மகளிடம் முதலில் சாய்வைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பினாங்கை ஆங்கிலேயர் வசமாக்கிய பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனை இதுதான்.

அங்கிருந்து அப்பா அம்மாவின் நடைக்கே பத்துப் பதினைந்து நிமிடத்தில் லிட்டில் இந்தியா. வெயிலுக்குப் பயப்பட வேண்டாம், கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. மலாயாத் தமிழர்கள் இதை அஞ்சடி என்பார்கள், ஐந்து அடி அகலம் விட வேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம் இருந்ததால். சில இடங்களில் படி ஏறி இறங்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவை முதல் முறை அழைத்துப் போனபோது பாசார் தெரு முனையில் ஒரு பூக்கடை. மல்லிகையை வாழைநாரில் கட்டிக்கொண்டிருந்த பெண், அம்மா புடவையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். "கும்பகோணம் பக்கம்." "எங்க பாட்டி நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனவங்க" என்று சொல்லிக்கொண்டே முழம் போட்டார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் சேர்த்துக் கொடுத்தார். அம்மா பத்து நிமிடம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்குக்கு ரஜூலா என்ற கப்பல் ஓடியது. 1926இல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம்வரை நம் ஆட்களை ஏற்றி வந்தது. பேருந்தில் கூட்டத்தோடு போயிருந்தால் அந்தப் பத்து நிமிடம் அம்மாவுக்குக் கிடைத்திருக்காது.

பூ வாங்கிய கையோடு குவீன் தெருவில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். 1833ஆம் ஆண்டுக் கோயில், பினாங்கின் பழைய இந்துக் கோயில்களில் முதன்மையானது. மதியம் நடை சாத்துவார்கள், அதனால் காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பிற்பகலில்தான் வருகிறது என்றால் கோயிலைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801இல் தென்னிந்திய முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் முகைதீன் எழுப்பியது. சூலியா தெருவில் நாகூர் தர்கா. பினாங்குத் தெருவில் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் கிளம்பும் கோவில் வீடு. இவை எல்லாம் ஒன்றுக்கொன்று ஐந்து பத்து நிமிட நடைதான். 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது இந்தத் தெருக்களுக்காகத்தான். பேருந்தின் கண்ணாடி வழியாகப் பார்க்கும் ஊர் இல்லை இது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. வாழையிலைச் சாப்பாடு, சைவக் கடை எல்லாம் அங்கேயே. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் நாசி கண்டார் சாப்பிடாமல் வராதீர்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. கண்டார் என்பது அந்தக் கம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். எல்லாக் குழம்பையும் கலந்து மேலே ஊற்றச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அது நாசி கண்டார்.

பினாங்கு மலை ரயிலில் மகள் ஏறியே தீருவேன் என்பாள். 1923இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில், இப்போது ஓடுபவை புதிய பெட்டிகள். துறையிலிருந்து கொஞ்சம் தெற்கே நடந்தால் படகுத்துறைப் பேருந்து நிலையம், அங்கிருந்து 204ஆம் எண் பேருந்து மலையடிவாரம்வரை போகும். கட்டணம் சில ரிங்கிட்தான், ஆனால் நெரிசலில் ஒரு மணி நேரம்வரை ஆகும். ஐந்து பேருக்கு கிராப் கார்தான் சரி. செயலியில் ஆறு பேர் வண்டி என்று தேர்ந்தெடுங்கள். சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் என்றால் மலை ரயிலுக்கு வரிசை நீளும், இறங்குவதற்கும் வரிசை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. கப்பலில் ஏற வேண்டிய நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே மேலே போய்விட முடியாது என்றால் மலையை விட்டுவிடுங்கள். மலைக்குப் போவதானால் கோயிலைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள், முதலில் மலை, அப்புறம் நகரம் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். நேரம் குறையக் குறைய நாம் கப்பலுக்கு நெருங்கிக்கொண்டே வர வேண்டும்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500 படிகளுக்கு மேல். அம்மாவால் முடியாது. அடிவாரச் சாலையில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குக் காரில் போய் வாசலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வரலாம். கெக் லோக் சி புத்தர் கோயில் மிக அழகு, ஆனால் அதுவும் படிதான்.

கடலுக்குள் கட்டைகள் நட்டு வீடு கட்டி வாழும் சீனக் குடும்பங்களின் துறைகளை, குறிப்பாகச் சியூ துறையை, கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பலகை நடைபாதையின் இடுக்கில் கீழே அலை தெரியும், மகளுக்குப் பிடிக்கும். அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வாசலில் செருப்பும் காயப்போட்ட துணியும் கிடக்கும். எட்டிப் பார்த்துப் படம் எடுக்காமல் நடந்தால் போதும். அங்கிருந்து கப்பல் துறைக்குக் கரையோரமாகவே ஒரே நேர்ச்சாலை. கார் கிடைக்கவில்லை, மழை, நெரிசல், எது வந்தாலும் நடந்தே திரும்பலாம். பினாங்கில் டூர் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

லங்காவியில் இந்த வசதி இல்லை. கப்பல் நிற்கும் போர்ட்டோ மலாய் தீவின் தென்மேற்கு மூலை, வெளியே வந்தால் நடந்து பார்க்க ஊர் கிடையாது, கப்பல் நேரத்துக்குப் பொதுப் பேருந்தை நம்பிப் போகவும் முடியாது. சாலைகள் நல்ல சாலைகள், நெரிசல் குறைவு. அதனால் ஒரு டாக்சியை நான்கு மணி நேரத்துக்குப் பேசி, ஓட்டுநரைக் கூடவே வைத்துக்கொண்டால் போதும். மச்சின்சாங் மலை கேபிள் கார் காற்று பலமாக அடித்தால் நின்றுவிடும், உச்சியில் மாட்டிக்கொண்டால் நேரம் போகும். ஆகவே அங்கேயும் மலை முதலில், செனாங் கடற்கரை கடைசியில்.

புக்கெட்டுக்கு வருவோம். கப்பல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். சில கப்பல்கள் தென்கிழக்கில் மக்காம் விரிகுடாவின் ஆழ்கடல் துறையில் கட்டும். பல கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு, டெண்டர் எனும் சிறு படகில் ஆட்களைக் கரைக்கு இறக்கும். பத்தோங் என்று போட்டிருந்தால் காலையில் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார வேண்டும். கப்பல் டூர் எடுத்தவர்களை முதலில் இறக்குவார்கள். நமக்குக் கரை சேர ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம்.

அம்மா விஷயத்தில் இந்தப் படகைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கப்பலின் அடியில் ஒரு கதவு திறந்திருக்கும், அதை ஒட்டிப் படகு நிற்கும். அலைக்குப் படகு ஓர் அடி ஒன்றரை அடி ஏறி இறங்கும். இரண்டு பணியாளர்கள் இரு பக்கமும் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்வார்கள். படகு மேலே வந்து கப்பல் தளத்தோடு சமமாகும் அந்த ஒரு நொடியில் கால் எடுத்து வைக்க வேண்டும். என் மாமியார் இரண்டு அலையை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் வைத்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. உங்கள் அம்மாவும் அவசரப்பட வேண்டாம். கையில் பை எதுவும் இருக்கக் கூடாது, ரப்பர் அடி உள்ள செருப்பு. அன்று கடலைப் பார்த்துவிட்டு அவர் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

கரையில் இறங்கிய பிறகு பழைய புக்கெட் நகரம் போக ஆசைப்பட்டால் நாமே போகலாம். தகரச் சுரங்கக் காலத்தில் பணம் சேர்த்த சீனக் குடும்பங்கள் கட்டிய வீடுகள் தலாங் சாலை முழுக்க இருக்கின்றன. பினாங்கைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இரண்டு ஊரும் உறவுக்கார ஊர் என்று தெரியும், அதே அஞ்சடி, அதே ஓட்டுக்கூரை. பத்தோங்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஆனால் நடுவே ஒரு மலை. 2022 அக்டோபரில் மழையில் அந்த மலைச்சாலை சரிந்து மூடப்பட்டது, சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது. சாதாரண நாளிலேயே மாலை நான்கு மணிக்கு மேல் வண்டிகள் மலையேற்றத்தில் நகர்ந்து நகர்ந்துதான் போகும். கிராப், போல்ட் இரண்டும் அங்கே ஓடுகின்றன. கடற்கரையில் கேட்கும் டாக்சி விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. மதியம் இரண்டரைக்கே நகரத்திலிருந்து கிளம்பிவிடுங்கள், மீதி நேரத்தைப் பத்தோங்கிலேயே கழியுங்கள். படகுத்துறை கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் மனசுக்கு நிம்மதி.

அப்பா அம்மா சைவம் என்றால் ஒரு குறிப்பு. மஞ்சள் கொடியில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 என்ற எண் போலத் தெரியும் ஒரு தாய்லாந்து மொழி எழுத்து இருக்கும் கடையைத் தேடுங்கள். "ஜே" என்று படிப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, மீன்சாறு எதுவும் சேராது, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். சாதாரணக் கடையில் காய்கறிச் சோறு என்று கேட்டால் மீன்சாறு ஊற்றித்தான் வரும்.

பாங்கா விரிகுடாவின் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள், பீ பீ தீவு, இவற்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கப்பல் டூரை எடுங்கள். கரையில் பாதி விலைக்கு வேகப்படகு டூர் விற்பார்கள், படமும் அழகாக இருக்கும். ஆனால் திரும்பும் வழி அந்த ஒரு படகு மட்டும்தான். எஞ்சின் நின்றாலோ கடல் கொந்தளித்தாலோ உங்கள் கையில் எதுவும் இல்லை. பீ பீ தீவுக் கூட்டத்தில் இருக்கும் மாயா கடற்கரையைக் குறிவைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுற்றுலாக் கூட்டத்தில் பவளம் அழிந்ததால் 2018இல் அதை மூடி, 2022இல்தான் மீண்டும் திறந்தார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள்.

கப்பலைத் தவறவிட்டவர்கள் என்று நான் நேரில் பார்த்த ஒரே குடும்பம், தூரத்தால் தவறவிடவில்லை, கடிகாரத்தால் தவறவிட்டது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் புக்கெட்டில் நின்றாலும் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். கப்பல் நேரம் ஆறு மணிக்குள் ஏற வேண்டும் என்று அறிவித்திருப்பார்கள். கரையில் உங்கள் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறி ஐந்து என்று காட்டும், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்பாவின் கையில் ஒரு சாதாரண முள் கடிகாரத்தைக் கட்டி, கப்பலில் ஏறியதும் கப்பல் நேரத்துக்கு வைத்துவிடுங்கள். அன்று முழுக்க அதை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு, பினாங்கில் ஒரு மணி நேரம் முன்பும், பத்தோங்கில் கடைசி டெண்டர் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பும் படகுத்துறையில் இருப்பது என் கணக்கு.

அப்படியும் தவறினால் உலகம் முடிந்துவிடாது. கப்பலில் தரும் தினசரித் தாளில், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் வேலைகளைப் பார்க்கும் முகவரின் தொலைபேசி எண் இருக்கும், இறங்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பும்போது ஆள் குறைந்தால் அறையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பினாங்கிலிருந்தும் புக்கெட்டிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. ஐந்து பேருக்கு டிக்கெட் என்றால் வலிக்கும், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டைக் கரைக்கு எடுத்துப் போக வேண்டுமா என்பதைக் கப்பலின் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எப்படியிருந்தாலும் அதன் நகலும் விசா நகலும் இரண்டு பேரிடம் தனித்தனியாக இருக்கட்டும்.

உங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் இன்னொன்று. சிங்கப்பூரிலிருந்து கிளம்பித் திரும்ப சிங்கப்பூரிலேயே இறங்குகிறீர்கள், அது இரண்டாவது நுழைவு. உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்று நாடுகளும் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை வைத்திருக்கின்றன. எதை எப்போது நிரப்ப வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கைப்பேசியைக் கப்பல் கிளம்பியதும் ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைவரிசையில் தானாக இணைந்து பெரிய தொகைக்குப் பில் வரும்.

ஜூலை என்று சொன்னீர்கள். அது தென்மேற்குப் பருவம், புக்கெட்டின் மேற்குக் கரையில் கடல் புரளும். பத்தோங்கில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரில்கூட மகளை இறக்காதீர்கள், அடியிழுப்பு மிகக் கடுமையானது. அலை அதிகமானால் டெண்டர் ஓட்ட முடியாமல் கப்பல் புக்கெட்டில் நிற்காமலே போகவும் கூடும். அப்போது கப்பல் டூருக்குக் கட்டிய பணம் திரும்பி வரும், வெளியே முன்பணம் கட்டிய வண்டிக்கும் படகுக்கும் வருமா என்பது அவர்கள் மனசைப் பொறுத்தது. ஆகவே புக்கெட்டுக்கு முன்கூட்டி எதையும் கட்டி வைக்காமல், கரையில் கால் வைத்த பிறகு வண்டி பிடியுங்கள். பினாங்குக்கு முன்பதிவே தேவையில்லை, குடையும் தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் ரிங்கிட் சில்லறையும் இருந்தால் போதும்.